மல்லாந்தது

சர்ஜாபூர் சாலையில் மூன்றாம் நாள் மழை.
அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில்
சக்கரம் பாதி முங்கிய கார்கள்.
"பாம்பு, சீக்கிரம் வாங்க" என்ற செயலாளர் வினுதா
நான் சில்க் போர்டு தாண்டுவதற்குள்
மறுபடி அழைத்தார்:
"அவசரமில்லை. சத்து ஹோய்து.
எடுத்துப்போட ஆள் வந்தால் போதும்."

சத்து என்றால் கன்னடத்தில் செத்து.
ஒரு கொம்பு குறைந்தால் அவர்கள் மொழி,
கூடினால் என்னுடையது.

பதினேழாம் எண் தூணடியில் கிடந்தது.
கட்டம் போட்ட கைலி மாதிரி உடம்பு.
நீர்க்கோலி. விஷமில்லை.
வெளுத்த வயிறு மேலே,
பிளந்த வாய், ஓரமாய்த் தொங்கும் நாக்கு.
நாற்றம் வேறு.
அதையும் சொந்தமாகத் தயாரித்துக்கொள்ளும்.

காவலாளி திகந்தா கையில்
தண்ணீர் தள்ளும் கட்டை.
அசாமிலிருந்து வந்து நாலு மாதம்.
"ரெண்டே அடி. ரெண்டும் தரையிலதான்"
என்றான் இந்தியில்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.

குந்தி உட்கார்ந்து
கொக்கியால் புரட்டி
வயிறு கீழே வரும்படி வைத்தேன்.
பிணமென்றால் வைத்தபடி இருக்கும்.
இது ஒரு நொடி யோசித்தது.
பிறகு, மிகுந்த பொறுப்புடன்,
மறுபடி மல்லாந்தது.

இன்னொரு முறை புரட்டினேன்.
மல்லாந்தது.

செத்தால் எப்படிக் கிடக்கவேண்டும் என்பதில்
அதற்கு உறுதியான அபிப்பிராயம்.

ஐந்தாம் மாடிப் பையன் படம் பிடிக்கிறான்.
அரை டவுசர் போட்ட ஒருவர்
"எதுக்கும் தலையை நசுக்கிடுங்க,
செத்ததுதான், ஆனாலும்" என்கிறார்.
அந்த ஆனாலும்-க்காகத்தான்
மூச்சைக் கூட மறைத்துவைத்திருக்கிறது.

தொண்ணூற்றொன்று டிசம்பர்.
மாகடி சாலை பஸ்ஸில்
அப்பா தூங்கினார்.
ஏறியவர்கள் ஒவ்வொரு இருக்கையாக
பேர் என்ன, ஊர் எது என்று வந்தார்கள்.
தோளில் தட்டினார்கள்.
தலை சரிந்தது, நிமிர்த்தினார்கள்,
சரிந்தது.
"குடிச்சிட்டுப் பொணமாக் கிடக்கான், விடுங்கப்பா"
என்றார் நடத்துநர், அவர்கள் மொழியில்.
அப்பா காபி கூடக் குடிக்காதவர்.
அந்த மனிதரைப் பற்றிக் கேட்டால்
குரலை மட்டும் சொல்வார்.
முகம் தெரியாது,
கண்ணை மூடியிருந்தேனே என்பார்.

தூங்குகிறவனை எழுப்பலாம்,
தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்பமுடியாது
என்று பள்ளிக்கூடத்தில்
ஏதோ குற்றம்போலச் சொல்லித்தந்தார்கள்.

"நசுக்க வேண்டாம்,
தரை கறையாகிவிடும்" என்றேன்.
கறை என்றதும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.
வினுதா கேட்டார்: நிஜமா செத்துவிட்டதா?
"ஹௌது, சத்திதே."
என் கன்னடம் அவ்வளவு சுத்தமாக
அன்றுதான் வந்தது.

துணிப்பைக்குள் வால் முதலில் போனது.
முடிச்சு போடும்போது
திகந்தா ஒருமுறை என்னைப் பார்த்தான்.
கட்டையைத் தூணில் சாய்த்துவைத்தான்.
பாம்பும் சாகணும் தடியும் உடையக்கூடாது என்பார்கள்.
எங்களிடம் பாதிதான் நடந்தது.

கைகொண்டரஹள்ளி ஏரிக்கரை.
கோரைப்புல் ஓரம் பையைக் கவிழ்த்தேன்.
மல்லாந்தே விழுந்தது.
வயிற்றின் மேல் மழை விழ, அசையவில்லை.
பத்தடி தள்ளிப்போய் நின்றேன்.
நாக்கு முதலில் உள்ளே போனது.
தலை மட்டும் மெல்லத் திரும்ப,
என் பைக்குள் கைபேசி கூவியது:
வினுதா, முந்நூறு ரூபாய்,
'செத்த பாம்பு அகற்றியதற்கு'.

உடனே மல்லாந்தது.
நாக்கை மறக்காமல் வெளியே விட்டது.

கைபேசியை அணைத்தேன்.
ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
சாலைப் பக்கம் திரும்பி நின்றேன்,
பஸ்கள் போவதைப் பார்த்தபடி.
பின்னால் ஒருமுறை தண்ணீர் கலைந்தது.
தவளையாகவும் இருக்கலாம்.